பூட் வரிசையில் முதல் மரியாதை

பாதி பொய் கலந்துதான் சொல்வேன், எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஊர் தர்மகர்த்தா வைரவநாதருக்குத் தேர் வடம் தொடுவதிலிருந்து சுண்டல் வாங்குவதுவரை முதல் மரியாதை வேண்டும். கோயில் கடையில் வாடகைக்கு இருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் மரகதவல்லி, கோயில் ஆபீசில் வைத்து அவர் லேப்டாப்பில் எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க்கைப் பொருத்தி, விண்டோஸை அதில் ஏற்றி, எந்த டிஸ்க் முதலில் லேப்டாப்பைத் திறந்துவிட வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையை பயாஸ் திரையில் எடுத்தாள்.

“பழைய டிஸ்க்தான் முதல்ல இருக்கணும், அதுதான் மூத்தது. ஆனா லேப்டாப் பத்து நொடியில திறக்கணும். இல்லேன்னா கடையைக் காலி பண்ணு” என்றார்.

பழைய டிஸ்க்கில் விண்டோஸ் செத்து மாசக்கணக்காகிறது. அதை முதலில் வைத்தால் லேப்டாப் அங்கேயே நின்றுவிடும்.

“சரிங்கய்யா. கோயில்லயும் அப்படியே செஞ்சிடலாம். விடியக்காலம் நாலரைக்கு முதல் ஆளா வந்து கதவு திறக்கிறது காவல்கார முனியாண்டி. அந்த முதலிடமும் உங்களுக்குத்தானே வரணும்?”

ஒன்பது மணிக்குப் போர்வையை விலக்குகிறவர் திகைத்தார். “அது மரியாதை இல்லம்மா, வேலை.”

“இதுவும் கதவு திறக்கிறவங்க வரிசைதாங்கய்யா.”

ஆபீசில் எல்லோரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். எஸ்எஸ்டி வரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. எட்டு நொடியில் லேப்டாப் திறந்தது, கடையும் தப்பியது.

“அப்போ பழைய டிஸ்க்குக்கு என்ன வேலை?”

“ஒண்ணுமில்லீங்க. நீங்க மாலை போட்டுக்கிட்ட போட்டோ எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.”