தண்ணீரில் ஓடப் பழகியவன்

"எப்ப டீச்சர் என்னைய ஓடச் சொல்லுவீக?" என்று கேட்டான் சேவுகன்.

கண்மாய்க்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டான்.

"முழங்காலைத் தூக்குங்கண்ணே" என்றாள் கரையில் இருந்த காளீஸ்வரி. "எருமை மாதிரி நிக்காதீக."

சேவுகன் முழங்காலைத் தூக்கினான். தண்ணீருக்குள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிப் போட்டான். மூச்சு வாங்கியது. ஓர் அடிகூட நகரவில்லை.

காளீஸ்வரி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. சேவுகனுக்கு மீசையே நரைத்துவிட்டது. அவன் அவளை டீச்சர் என்றான், அவள் அவனை அண்ணே என்றாள். இதில் யார் குரு, யார் சிஷ்யன் என்று புதிதாகப் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும்.

அந்தக் கண்மாய்க்கு இரண்டு கரை. வடகரையில் ஓர் ஊர், தென்கரையில் ஓர் ஊர். ஊருக்கு ஒரு மடை.

மழை குறைந்த வருஷங்களில், தை மாதக் கடைசியில், நெல் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். எந்த மடையை முதலில் திறப்பது என்று முன்பெல்லாம் அரிவாளைத் தூக்கினார்கள். பிறகு யாருக்கோ புத்தி வந்து, காலைத் தூக்குங்கள் என்றார்கள்.

ஊருக்கு ஓர் ஆள். கண்மாயை மூன்று சுற்று. புறப்பட்ட இடத்து மடைக்கல்லை முதலில் வந்து தொட்டவன் ஊருக்கு முதல் தண்ணீர். அடுத்த ஊருக்குச் சேறு.

வடகரைக்கு ஓடுகிறவன் சேவுகன். கார்த்திகையில் அவன் கையில் காப்புக் கட்டினார்கள். கட்டிய வாரமே, ஓடிப் பழகியதில், முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்தது.

"தரையில ஓடாதீங்க. மறுபடி விரிசல் விட்டா கம்பு ஊனித்தான் நடக்கணும்" என்றார் டாக்டர்.

காப்புக் கட்டியவனை மாற்ற முடியாது. அது வழக்கம். வழக்கத்துக்கு எலும்பு கிடையாது, அதனால் அதற்கு வலிக்காது.

சேவுகன் நேரே காளீஸ்வரியிடம் போனான்.

ஊர் கொதித்தது. "புத்தி கெட்டுப் போச்சாடா ஒனக்கு?" என்றார் ஊர்த்தலைவர் அம்பலம். "அந்தப் புள்ள நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது. பொறந்தது தென்கரை. அங்கன ஓடப்போறவன் பூமிநாதன் யாருங்கிற? அதோட கூடப் பொறந்த தம்பி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போன?"

"காலைப் பத்தித் தெரிஞ்சவக இங்க வேற யாரு இருக்கா?"

அம்பலம் துண்டை உதறித் தலையில் கட்டினார். "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

சேவுகனுக்கும் மனதில் அந்த முள் இருந்தது. ஒரு நாள் கேட்டான்.

"உங்க தம்பிக்கு எதிரா எனக்கு ஏன் டீச்சர் சொல்லித் தர்றீக?"

"நீங்க வந்து கேட்டீக."

"தம்பி?"

"அவன் கேக்கல."

காலையில் தண்ணீர். மாலையில் சைக்கிள். எதிர்க்காற்றில் கண்மாய்க் கரை நெடுக மிதிக்க வேண்டும், பின்னால் பாரம் வேண்டும். பாரத்துக்குச் சேவுகன் தன் பொண்டாட்டியையே ஏற்றிக்கொண்டான்.

"கட்டிக்கிட்ட நாளா இப்படி ஒரு நா கூட்டிட்டுப் போனதுண்டா?" என்று அவள் கேரியரில் உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டாள். "அந்த டீச்சர் மகராசியா இருக்கட்டும்."

ஊரில் அந்த ஒருத்திதான் டீச்சரை வாழ்த்தினாள்.

சேவுகனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு விடியலிலும் தென்கரை மேல் பூமிநாதன் ஓடுவது தண்ணீருக்குள்ளிருந்தே தெரிந்தது. இருபத்தாறு வயது. மான் மாதிரி ஓடினான். காலையில் ஓடினான், உச்சி வெயிலில் ஓடினான், சாயங்காலமும் ஓடினான். தென்கரைக்காரர்கள் அவனுக்குப் பின்னால் விசில் அடித்தார்கள்.

"ஓடாம எப்படி டீச்சர் ஓட்டம் வரும்?"

"பக்கவாட்டுல நீந்துங்கண்ணே."

"கேக்குறது காதுல விழுகலையா?"

"விழுந்துச்சு. நீந்துங்க."

கண்மாய் வற்றிக்கொண்டே வந்தது. நெஞ்சளவு தண்ணீர் இடுப்பளவானது. தண்ணீர் குறையக் குறைய வயல்களைப் பார்க்கிற கண்கள் சேவுகனைப் பார்த்தன. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. "டீச்சர் சொல்லி இன்னிக்கு என்ன பண்ணுன, மீன் பிடிச்சியா?" என்று ஒருவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் விடியலில் சேவுகன் யாருக்கும் தெரியாமல் கரையேறி ஓடினான்.

கொஞ்ச தூரம்தான். பனங்காட்டைத் தாண்டும்போது காலுக்குள் ஊசி இறங்கியது. நொண்டிக்கொண்டு திரும்பினான்.

காளீஸ்வரி மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் குனிந்து, அவன் முழங்காலுக்குக் கீழே கீறல் விழுந்த எலும்பில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். சேவுகன் அலறிய அலறலில் கொக்குகள் எழுந்து பறந்தன.

"எப்ப ஓடலாம்னு என்கிட்ட கேக்காதீக" என்றாள். "இதுகிட்ட கேளுங்க."

பிறகு வெகுநாள் வரை அந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை. தை பிறந்த பிறகு அவளே கரை மேல் நடக்கச் சொன்னாள். நடந்தான். வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதை நம்பவும் முடியவில்லை.

ஓட்டத்துக்கு முதல் நாள் அம்பலம் வீட்டுக்கே வந்தார். திட்டவில்லை. தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சேவுகா, பயிரைப் பாத்துட்டு வாறேன். கதிர் வெளிய வந்துருச்சு. இந்தத் தண்ணி இல்லைன்னா அம்புட்டும் பதருதான்" என்றார். அப்புறம், "அந்தப் புள்ள என்ன சொன்னாலும் நாளைக்குக் காதுல வாங்காத" என்றார்.

சேவுகனுக்கு அழுகை வந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

காலையில் வேட்டுப் போடுவதற்கு முன் காளீஸ்வரி அவன் பக்கம் வந்தாள்.

"ரெண்டு சுத்தும் தம்பி பூமிக்குப் பின்னாலயே வாங்கண்ணே. மூச்சு நெறைய இருக்கும். அது பேச்சைக் கேட்டு முந்திப் போகாதீக."

"மூணாவது சுத்து?"

அவள் கலுங்குக்குப் போய் நின்றுகொண்டாள். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் கலுங்கு. வடகரையும் இல்லை, தென்கரையும் இல்லை. இரண்டு ஊர்க்காரர்களும் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

வேட்டு வெடித்தது.

முதல் சுற்றில் சேவுகனுக்கே ஆச்சரியம். தண்ணீரை உதைத்து உதைத்துப் பழகிய தொடைக்குக் காற்று ஒன்றுமே இல்லை. நெஞ்சு கொல்லன் துருத்தி போல் சீராக ஏறி இறங்கியது. இப்போதே முந்தலாம் போலிருந்தது. முந்தவில்லை. பூமியின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

வடகரை மேல் கூச்சல். "என்னடா பின்னால போற? முந்துடா!"

அம்பலம் எதுவும் கத்தவில்லை. கலுங்கையே முறைத்தார்.

இரண்டாவது சுற்றில் தரை தன் வேலையைக் காட்டியது. தண்ணீர் காலைத் தாங்கும். தரை திருப்பி அடிக்கும். அந்த அடியைக் கால் மறந்திருந்தது. கெண்டைச் சதை இறுகியது. மூச்சு தாராளமாக இருந்தது, அதை வைத்துக்கொண்டு ஓடுவதற்குக் கால்தான் வேண்டியிருந்தது.

மூன்றாவது சுற்று தொடங்கியபோது பழைய இடத்தில் சுருக்கென்றது.

சேவுகன் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே ஓடினான். முறிகிறதா? இல்லை, சதையா? தெரியவில்லை. அந்தக் காலை மெதுவாக வைத்தான். மறு காலில் பாரத்தைப் போட்டான். பல்லைக் கடித்தான். கைவிரல்கள் தாமாக மடங்கி இறுகின. பூமியின் முதுகு தள்ளிப் போயிற்று. தென்கரையில் குலவை கேட்டது.

"விடாதே!" என்று கத்தியது வடகரை. பெண்கள் கத்தினார்கள். கேரியரில் பூ வைத்துக்கொண்டு வந்தவள் குரல் தனியாகக் கேட்டது. "விடாதே, விடாதே!"

"விடாதே!" என்று தென்கரையும் கத்தியது, அவர்கள் ஆளுக்கு.

இரண்டு பேரும் கலுங்கை நெருங்கினார்கள். முன்னால் பூமி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனான். அவன் கால் கோணலாக விழுந்தது. சேவுகன் அதைப் பார்க்கவில்லை. அவனுக்கு அப்போது உலகத்திலேயே ஒரு கால்தான் இருந்தது, அது அவனுடையது.

காளீஸ்வரி கலுங்குச் சுவரில் ஏறி நின்றாள். இரண்டு கைகளையும் வாயில் குவித்தாள்.

"விடு!"

இரண்டு கரையும் அவள் பக்கம் திரும்பியது.

"விடு!" என்று மறுபடி கத்தினாள். குரல் உடைந்தது.

"பாத்தீகளா?" என்றார் அம்பலம். "அன்னிக்கே சொன்னேனா இல்லையா? காட்டிக்கொடுத்துட்டா!"

சேவுகன் காதிலும் அது விழுந்தது. விடச் சொல்கிறாள். எதை? ஓட்டத்தையா? கால் முறியப் போகிறது என்று தெரிந்து சொல்கிறாளா? அல்லது அம்பலம் சொன்னதுதான் சரியா, இத்தனை நாளும் தண்ணீரில் போட்டு ஊறவைத்தது இதற்குத்தானா?

யோசிக்கிற நேரத்தில் கை தானாகத் திறந்தது.

அப்போதுதான் தெரிந்தது, உள்ளங்கையில் நகம் பதிகிற அளவுக்கு அதை மூடி வைத்திருந்தான். கை திறந்ததும் தோள் இறங்கியது. தோள் இறங்கியதும் உள்ளே கட்டி வைத்திருந்த மூச்சு ஹா என்று வெளியே போனது. பயந்து பயந்து வைத்த கால் போய்த் தரையில் முழுசாக விழுந்தது.

முறியவில்லை.

வலித்தது. வலிக்கிற காலும் ஓடத்தான் செய்தது. சேவுகன் அதை அதன் போக்கில் ஓட வைத்தான். வயலை மறந்தான், அம்பலத்தை மறந்தான். பூமியின் முதுகு பெரிதானது, பக்கத்தில் வந்தது, பிறகு இல்லை.

மடைக்கல் கையில் தட்டுப்பட்டபோது அது குளிர்ந்திருந்தது.

வடகரை மடை திறந்தது. மடைக்காரர் பலகையைத் தூக்க, தண்ணீர் இரைச்சலோடு வாய்க்காலில் விழுந்தது. மண்வெட்டியோடு ஆட்கள் வயலுக்கு ஓடினார்கள். சேவுகனைத் தோளில் தூக்கினார்கள், மாலை போட்டார்கள், காலைத் தொட்டுப் பார்த்தார்கள். "டீச்சர் லேசுப்பட்ட ஆள் இல்லப்பா" என்றார் அம்பலம். அவர் முகத்தில் வெட்கம் கொஞ்சமும் தெரியவில்லை.

சேவுகன் தோளிலிருந்து இறங்கிக் கலுங்குக்கு நடந்தான்.

பூமிநாதன் கல்லைத் தொடவே இல்லை. கலுங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விழுந்திருந்தான். முழங்கால் பலாக்காயாக வீங்கியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அவன் தலையை மடியில் வைத்துக் காளீஸ்வரி சொம்பிலிருந்து தண்ணீரை நெற்றியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தென்கரைக்காரர்கள் சுற்றி நின்று அவளை எரித்துவிடுவது போல் பார்த்தார்கள். ஒரே காலையில் இரண்டு ஊருக்கும் துரோகியாவது எல்லோருக்கும் கைவருகிற காரியமில்லை.

சேவுகன் எதிரில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது டீச்சர். இத்தனை நாளா நீங்க எனக்குச் சொல்லித் தந்தது பூராம் அந்த ஒரு வார்த்தையில இருந்துச்சு. விடுன்னீக. பயத்தை விட்டேன். காலைப் பொத்திப் பொத்தி வச்சதை விட்டேன். செயிக்கணுங்கிறதைக்கூட விட்டுட்டேன்."

காளீஸ்வரி நிமிரவில்லை. தம்பியின் நெற்றியில் இன்னொரு கை தண்ணீர் விட்டாள். அவன் கண் லேசாகத் திறந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"நா உங்களை எப்பண்ணே 'விடு'ன்னு சொல்லிருக்கேன்?" என்றாள். "வாங்க, போங்கன்னு தவிர என் வாயில வந்திருக்கா?"

சேவுகன் அவளைப் பார்த்தான். மடியில் கிடந்தவனைப் பார்த்தான். அந்த முழங்காலைப் பார்த்தான்.

கும்பிட்ட கையை இறக்கினான்.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு என்னண்ணே?" என்றாள் காளீஸ்வரி. "நீங்கதான் நல்லா ஓடிக்கிட்டிருந்தீகளே."