மலைச்சிக் கரடியைப் பிடித்த இரண்டு ஆவிகள்

சுனைக்காட்டு விலங்குகளுக்குப் புதிய தலைவி மலைச்சி என்ற கரடி. பதவிக்கு அவள் ஆசைப்படவில்லை. முந்தைய தலைவரான பெருங்கொம்பர் யானை இறந்ததும் வேறு யாரும் முன்வரவில்லை. புற்று தோண்டிக்கொண்டிருந்தவளைக் கூட்டிவந்து தலைமைப் பாறையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. சுனையில் தண்ணீர் குறையக் குறைய முணுமுணுப்பு கூடியது.

"யானையார் காலத்தில் இப்படியா இருந்தது?" என்றது மந்தி.

உடனே மலைச்சியின் பக்கத்தில் பெருங்கொம்பரின் ஆவி வந்து நின்றது. அவள் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

"சிங்கத்தார் இருந்திருந்தால்..." என்று பெருமூச்சு விட்டது தாய்ப்பன்றி. யானைக்கும் முன்பு ஆண்ட செம்பிடரியார் சிங்கத்தின் ஆவியும் வந்து சேர்ந்தது.

அன்றோடு மலைச்சியின் நிம்மதி போயிற்று. தேனடையில் கை வைத்தால், "தலைவி தின்னும் பண்டமா இது?" என்று சிங்க ஆவி முகம் சுளிக்கும். குனிந்து நடந்தால், "நிமிர்ந்து நட" என்று யானை ஆவி அதட்டும். போதாக்குறைக்குச் சுனைக்கு யார் பெயரை வைப்பது என்று இரண்டும் அவள் காதருகே சண்டை பிடிக்கும்.

கடைசியில் சுனையில் சேற்றுக்கு நடுவே கொஞ்சம் கலங்கல் தண்ணீர்தான் மிஞ்சியது.

"ஒரு கர்ஜனை போடு. இங்கே குடிக்க வரும் பக்கத்துக் காட்டு மான்கள் ஓடிவிடும். மிச்சத் தண்ணீர் நமக்கு" என்றது சிங்க ஆவி.

மலைச்சி மூச்சைப் பிடித்துக் கர்ஜித்தாள். இருமல்தான் வந்தது. அங்கே நின்ற மான் ஒன்று, "தொண்டை வறண்டுவிட்டதா, அக்கா? முதலில் நீங்கள் குடியுங்கள்" என்று வழிவிட்டது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"மரத்தை முட்டிச் சாய்த்து ஓடையை மறி. நான் அப்படித்தான் செய்தேன்" என்றது யானை ஆவி.

அவள் முட்டினாள். மரம் அசையவில்லை, நெற்றிதான் வீங்கியது. ஓடையில் மறிப்பதற்குத் தண்ணீரும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சுனையில் மிஞ்சியிருந்ததும் வற்றிப்போன அன்று தாய்ப்பன்றி ஓடிவந்தது. "என் குட்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, தலைவி" என்றது.

மலைச்சி ஆவிகளிடம் திரும்பினாள். "உங்களைப் போல் என்னால் ஆக முடியவில்லை, ஐயா" என்றாள்.



"நாங்கள் மட்டும் விரும்பியா வருகிறோம்?" என்றது யானை ஆவி மெல்ல. "பெயரைச் சொல்லி இழுக்கிறார்கள். வந்தால் எங்களுக்குத் தெரிந்ததைத்தானே சொல்வோம்? உனக்கு என்ன தெரியும், அம்மா?"

"மண்ணை முகரத் தெரியும். தோண்டத் தெரியும்" என்றாள் அவள் தயங்கியபடி.

சொன்ன வேகத்தில் காய்ந்த ஓடைக்குள் இறங்கினாள். மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டே போனாள். "தலைவி மண்ணை முகர்வதா?" என்ற சிங்க ஆவியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடை வளையும் இடத்தில் லேசான ஈரவாடை. தோண்டினாள். சரளைக்கல்லில் நகம் முறிந்தது. விடாமல் தோண்டினாள். மணல் குளிர்ந்தது. பிறகு நீர் கசிந்து ஊறியது.

முதலில் பன்றிக்குட்டி குடித்தது. பிறகு சுனைக்காட்டாரும் பக்கத்துக் காட்டு மான்களும் வரிசையில் நின்று குடித்தார்கள்.

"மலைச்சியக்கா, இன்னோர் ஊற்று கிடைக்குமா பாருங்களேன்" என்றது மந்தி.

பழைய பெயர்களை யாரும் எடுக்கவில்லை. மலைச்சி திரும்பிப் பார்த்தாள். ஆவிகள் போய்விட்டிருந்தன. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்களே என்று அவளுக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த வளைவை நோக்கி நடந்தாள்.

முன்னவர் இருந்த இடத்தில் நாம் அமரலாம். ஆனால் நம்மிடம் உள்ள திறமையைக் கொண்டுதான் நம் காலத்துத் துன்பத்தைத் தீர்க்க வேண்டும்.