அணை உடைந்த காலை

"இன்னைக்கு வகுப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஓடுங்க டீச்சர், அணை உடைஞ்சிடுச்சு!"

நூலகத்துக்குள் மூச்சிரைக்க வந்து நின்றார் இருளப்பன். ஆட்டோ ஓட்டுபவர். வயது ஐம்பத்தாறு.

செர்லினுக்கு அவர் வயதில் பாதி. செல்போனில் வரும் செய்திகளில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சனிக்கிழமைதோறும் அங்கே பாடம் எடுப்பவள். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாத மாணவர் அவர்.

போனை நீட்டினார். வீடியோவில் வெள்ளம் சீறியது. அரை மணியில் ஊர் மூழ்கும் என்று ஒரு குரல் அலறியது.

வெளியே கடைகளின் ஷட்டர்கள் தடதடவென இறங்கின. ஒருத்தி பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"ஆட்டோ ஸ்டாண்டு வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பிடறேன். இருநூறு பேரு இருக்காங்க."

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"பொறுக்கிற நேரமா இது? என் மகளே அணைக்கடியிலதான் குடியிருக்கா!"

"அவ என்ன சொன்னா?"

விரல் அந்தரத்தில் நின்றது.

மகளை அவர் கூப்பிடவே இல்லை.

அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மகள் எடுத்தாள்.

"என்னப்பா?"

"பாக்கியம்! நீ நல்லா இருக்கியா தாயி?"

"மாவரைச்சிக்கிட்டு இருக்கேன். என்ன விஷயம்?"

"அணை உடைஞ்சிடுச்சாமே!"

"அணையா? இரு, வாசலுக்கு வந்து பாக்குறேன்."

கொலுசுச் சத்தம். கதவு திறக்கும் சத்தம்.

"அது பாட்டுக்கு நிக்குதுப்பா. சுவத்து மேல ரெண்டு குரங்கு உக்காந்து பேன் பாக்குது."

இருளப்பன் தெருவுக்குப் பாய்ந்தார். ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"சொல்லு தாயி! ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லு!"

"அதான் சொல்றேனே, குரங்கு பேன் பாக்குது!"

ஓடியவர்கள் நின்றார்கள். யாரோ சிரித்தார். சிரிப்பு தெருக்கோடி வரை போயிற்று. ஒரு ஷட்டர் மேலே ஏறியது.

திரும்பி வந்தவருக்கு உடம்பெல்லாம் வேர்வை. கண்கள் பளபளத்தன.

"பாத்த மாத்திரத்துல பொய்னு எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?"

செர்லின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான் எங்கண்ணே கண்டுபிடிச்சேன்? உங்க மக வாசலுக்குப் போய்ப் பாக்குற வரைக்கும் எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு."