இரைச்சல் புகாத பாட்டு

தும்பைக்குளத்துக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள். சொன்னதற்கு இம்மி குறையாமல் செய்வார்கள். அந்த ஊரின் கஷ்டமெல்லாம் அதனால்தான்.

செங்கமலத்துக்கு மட்டும் தனியாக ஒரு கஷ்டம் இருந்தது. அம்மனுக்கு அவளே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். போன வருஷக் கொடைத் திருவிழாவில் அதைப் பாடியபோது கோயிலை ஒட்டிய மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரின் இரைச்சல் எப்படியோ ஆம்ப்ளிபயருக்குள் புகுந்து, ஸ்பீக்கர் முழுக்க உர்ரென்று உறுமியது. பாடி முடித்து இறங்கியவளிடம் அவள் அக்கா, “எப்ப பாடப் போறே?” என்று கேட்டாள்.

இந்த வருஷமாவது நாலு பேர் கேட்க வேண்டும். செங்கமலத்துக்கு வேறு ஆசை இல்லை.

மைக் செட் அவள் புருஷன் அய்யாவுவினுடையது. அவன் டவுனுக்குப் போய் மெக்கானிக்கிடம் முறையிட்டான்.

“ஆம்ப்ளிபயரை மரப்பெட்டியில வெச்சிருக்கீங்க. மரம் இந்த இரைச்சலைத் தடுக்காது. பிளாஸ்டிக்கும் தடுக்காது. இரும்புப் பெட்டியில வைங்க, சந்து பொந்து இல்லாம மூடுங்க. பெட்டியில இருந்து ஒரு கம்பியை ஈர மண்ணுல இறக்கிடுங்க” என்றார் அவர்.

அய்யாவுவும் அவன் கூட்டாளிகள் சடையனும் பெரியதம்பியும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“மரம் ஏன்ணே தடுக்கல?” என்றான் சடையன்.

“அது உசிரோட நின்ன காலத்துல காத்து, காக்கா, குருவின்னு எல்லாத்தையும் உள்ள விட்டுப் பழகினது. இரும்பு பொறந்ததுல இருந்து யாரையும் உள்ள விட்டதில்ல” என்றான் அய்யாவு.

எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது.

பட்டறைக்காரர் பெட்டி செய்தார். வயர் நுழைய ஓட்டை எங்கே போடட்டும் என்று கேட்டார். “சந்து பொந்து கூடாதுன்னு உத்தரவு” என்று சொல்லி, பெரியதம்பி எல்லா வயரையும் ஒட்ட நறுக்கினான். ஆம்ப்ளிபயரை உள்ளே வைத்து நாலு பக்கமும் பற்றவைத்தார்கள். கம்பியை மண்ணில் இறக்கி ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினார்கள். அவர்கள் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கொடையன்று மில் ஓடியது. ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட இல்லை. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செங்கமலம் பாடினாள். மில் சத்தத்தில் அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது.

“ஏங்க, பாட்டையும் காணோமே” என்றாள்.

அய்யாவு தாடையைத் தடவினான். “எப்படி வரும்? இரைச்சலும் வெளியில நிக்குது, பாட்டும் வெளியில நிக்குது. இரும்புக்கு ரெண்டும் ஒண்ணுதானே.”

“அப்ப மதினி உள்ள போயிடணும்” என்றான் சடையன்.

அந்தப் பெட்டிக்குள் செங்கமலத்தின் ஒரு கால்தான் கொள்ளும். கோயில் வாசலில் தண்ணீர் டேங்கர் காலியாக நின்றது. நல்ல இரும்பு.

“நான் உள்ள போயிட்டா, கேக்கறவங்க?”

“அவங்களும் உள்ளதான், மதினி.”

செங்கமலத்துக்கு அதில் குறை தெரியவில்லை. கொசுவத்தைச் செருகிக்கொண்டு, நறுக்கிய வயர் தொங்கும் மைக்கோடு முதலில் இறங்கினாள். பின்னாலேயே ஊர் இறங்கியது. விருந்துக்கு வந்திருந்த இலுப்பையூர் நாட்டாமையையும் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

அண்ணாந்து பார்த்த பெரியதம்பி, “மூடி ஓரமா வெளிச்சம் வருது. சந்து இருக்கு” என்றான். “யாராச்சும் மேல உக்காந்து அமுக்கணும்.”

சடையன் வெளியே ஏறி மூடிமேல் உட்கார்ந்தான். வெளிச்சம் பிறை போல மெலிந்தது, போகவில்லை. அய்யாவு ஏறினான். அப்புறம் பெரியதம்பி, அக்கா, பூசாரி என்று ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக நாட்டாமை தம் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் மூடியின் நட்டநடுவில் அமர்ந்தார். பிறை மறைந்தது.

உள்ளே இருட்டில் செங்கமலம் பாடினாள். குரல் இரும்பின் கோடி வரை போய்த் தொட்டுவிட்டு, இன்னொருத்தி எதிர்ப்பாட்டு எடுப்பது போலத் திரும்பி வந்தது. தன் பாட்டு இத்தனை அழகா என்று அவளுக்குக் கண் நிறைந்தது.

மேலே ஊர் மொத்தமும் மூச்சுக்கூட விடாமல் மூடியை அமுக்கிக்கொண்டிருந்தது.

பாடி முடித்துத் தட்டினாள். எல்லோரும் இறங்கி மூடியைத் திறந்தார்கள். வேர்த்து வழியத் தலையை நீட்டியவள், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

நாட்டாமை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு பொட்டு இரைச்சல் இல்ல, தாயி. எங்க ஊர்க் கொடைக்கும் நீதான் வந்து பாடணும். எங்க டேங்கர் இதைவிடப் பெரிசு. மேல உக்கார ஆளுக்கும் பஞ்சமில்ல.”