வாத்தியார் பலகையில் அமர்ந்த அரசர்

ராஜாக்கள் பொழுது போகாமல் திண்டாடிய காலம் ஒன்று முன்பு இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ராஜாவுக்குப் பேச்சுப் பித்துப் பிடித்தது. சேனையிடம் பேசினார், வணிகர்களிடம் பேசினார், யானைப் பாகர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. கேட்க ஆள் தீர்ந்துபோனதும் பள்ளிப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

“பாடத்தை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு நாமே உபதேசம் செய்வோம்” என்று ஆளனுப்பினார். பள்ளிக்கூடத்து ஏகாம்பர வாத்தியார் எலும்பும் தோலுமான மனிதர். பிடிவாதம் மட்டும் ஆனைப் பருமன். “அரசர் பேச அரண்மனை இருக்கிறது. இங்கே பாடம்தான் நடக்கும்” என்றார். அவரைக் கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள்.

ஊர் இரண்டுபட்டது. ஆள்கிறவர் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசினால் என்ன குறைந்துபோகும் என்றது ஒரு கட்சி. வடக்கு எல்லைச் சண்டைக்கு ஆள் பிடிக்கத்தான் இந்தப் பேச்சு என்றது இன்னொரு கட்சி. சம்பந்திகள்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. பலர் பிள்ளைகளை வீட்டிலேயே பூட்டி வைத்தார்கள்.

அரசவை விகடகவி கூத்தபிரானைக் கண்டாலே அமைச்சர் மார்த்தாண்டருக்கு ஆகாது. அவரைக் கவிழ்க்க இதுதான் சமயம் என்று அமைச்சர் பார்த்தார்.

“அரசே, பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள் வர வேண்டும். தங்கள் உரையில் ஒரு சொல்லும் சிந்தாமல் அவர்கள் வாயில் நிற்க வேண்டும். இதைக் கூத்தபிரானிடம் ஒப்படைப்போம். இதுகூட முடியாதவருக்கு நம் அவையில் என்ன வேலை?”

கூத்தபிரானுக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. தன் மகளுக்கு எழுத்தறிவித்த அந்த மெலிந்த உடம்பு ஈரச் சிறையில் கிடக்கிறதே என்பதுதான் அவரை அரித்தது.

“ஆகட்டும், பிரபு. நிறைவேற்றினால் அடியேன் கேட்பதைத் தர வேண்டும். அதோடு இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளி வழக்கப்படி தாங்கள் வாத்தியார் பலகையில் அமர்ந்து, வாக்கியம் வாக்கியமாக நிறுத்திச் சொல்ல வேண்டும்.”

“தந்தோம்” என்றார் அரசர்.

பிள்ளைகளைக் கூட்ட ஊருக்குள் போன கூத்தபிரானைக் குயவர் வீட்டுச் செங்கமலம் பிடித்துக்கொண்டாள். “ராஜா பேச்சக் கேட்டுட்டு எம்புள்ள கத்தியத் தூக்கிட்டுப் போயிட்டா, நீரா திருப்பித் தருவீர்?”

“எம்மக பூவாயி முதல் வரிசையில உக்காருவா, தாயி. அதுக்கு மேல எங்கிட்ட என்ன இருக்கு?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அனுப்பச் சம்மதித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சம்மதித்தார்கள்.

பள்ளிக்கூடம் நிறைந்தது. வேலிக்கு வெளியே பெற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பள்ளியில், பலகையில் இருப்பவர் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பாடம் அப்படித்தான் மனத்தில் ஏறும். தனி ஆசிரியர் வைத்துப் படித்த அரசருக்கு இது எங்கே தெரியும்?

“அருமைக் குழந்தைகளே!” என்றார் அரசர்.

“அருமைக் குழந்தைகளே!” என்று கூரை அதிர்ந்தது.

“அமைதி!”

“அமைதி!”

“இது அவமதிப்பு!” என்று மார்த்தாண்டர் துள்ளினார்.

“ஒரு சொல்லும் சிந்தக் கூடாது என்றீர்களே, அமைச்சரே. எதையாவது சிந்தினார்களா?” என்றார் கூத்தபிரான். அரசர் கையசைத்து மேலே தொடர்ந்தார். மார்த்தாண்டர் எழுதிக் கொடுத்த உரை அது.

“நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயங்காதே!”

பால் பல் விழுந்த வாய்களெல்லாம் அரசர் முகத்தைப் பார்த்து முழங்கின. “நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயங்காதே!”

“வாளெடுத்து இன்றே எல்லைக்குப் புறப்படு!”

“வாளெடுத்து இன்றே எல்லைக்குப் புறப்படு!”

அரசருக்கு வியர்த்தது. அவர் வடக்கு எல்லையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வீட்டை நினைத்து அழுகிறவன் கோழை என்ற அடுத்த வரியைப் படிக்காமல் ஓலையைத் தாழ்த்தினார். கூத்தபிரான் முதல் வரிசையில் இருந்த பூவாயியைப் பார்த்தார். அரசர் சினந்தால் தன் தலை மட்டுமா போகும்?

அந்த நேரத்தில் செங்கமலத்தின் மகன் எழுந்தான். “புது வாத்தியாரே, எங்க வாத்தியாரு எப்ப வருவாரு? நீங்க சொல்றதத் திருப்பிச் சொன்னா பயமா இருக்கு.”

அரசர் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். ஊர் அதைப் பார்த்தது அன்றுதான். கடைசியில் மெல்லச் சொன்னார்.

“நமக்கும்தான் பயமாக இருக்கிறது, குழந்தாய்.”

வழக்கம் விடுமா? “நமக்கும்தான் பயமாக இருக்கிறது, குழந்தாய்!” என்று அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. வேலிக்கு வெளியே நின்றவர்களும் கட்சி மறந்து சிரித்தார்கள். செங்கமலம் மட்டும் அழுதுகொண்டே சிரித்தாள்.

“கேள், கூத்தபிரானே. பொன்னா, நிலமா?”

“இந்தப் பலகைக்கு உரியவரை அனுப்பி வையுங்கள், பிரபு. அது போதும்.”

வடக்கு எல்லையை நேரில் பார்த்துவிட்டு வரும்படி மார்த்தாண்டருக்கு அன்றே உத்தரவாயிற்று. ஏகாம்பர வாத்தியார் வந்து சேர்ந்தார். அரசர் எழுந்து விலகும்வரை நின்றார், துண்டால் பலகையைத் துடைத்தார், உட்கார்ந்தார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். வாசலில் நின்றிருந்த அரசரும், பக்கத்திலிருந்த கூத்தபிரானுக்கு மட்டும் கேட்கும் குரலில், கூடவே திருப்பிச் சொன்னார்.