மில்லுக்காரருக்கு ஒரு ஓட்டு

பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்றாம் வார்டுக்கு உறுப்பினர் இரண்டு பேர். அதனால் ஆளுக்கு இரண்டு ஓட்டு. ரைஸ்மில் சிவக்கொழுந்து தனக்கும் மச்சினனுக்குமாக இரண்டு நாற்காலிக்கும் துண்டு போட்டு வைத்திருந்தார். எதிர்த்து நின்றவள் இடியாப்பம் விற்கிற செல்லக்கிளி ஒருத்திதான். அவள் தெருவில் தண்ணீர்க் குழாய் கிடையாது.

"இந்த வார்டுக்குள்ள என் பேரைத் தவிர வேற பேரு உன் வாயில வரக் கூடாது" என்று மிரட்டினார் சிவக்கொழுந்து.

"சரிங்கய்யா."

மறுநாளே கூடையோடு வீடு வீடாக ஏறினாள்.

"அக்கா, மில்லுக்கார ஐயாவுக்கு மறக்காம ஒரு ஓட்டுப் போட்ருங்க."

"இன்னொண்ணு யாருக்குடி?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு ஐயா உத்தரவு" என்று சிரித்தபடி இடியாப்பத்தை எடுத்து வைப்பாள்.

மில்லுக்காரர் ஜெயித்தார். செல்லக்கிளியும் ஜெயித்தாள். மச்சினன் தோற்றான்.

மறுநாள் காலை கூடையோடு தன் வீட்டு வாசலுக்கு வந்தவளைப் பார்த்துக் கத்தினார் சிவக்கொழுந்து. "ஏமாத்திட்டியே!"

"உங்க பேரைத் தவிர ஒரு பேரும் சொல்லலீங்களே. என் ரெண்டு ஓட்டுல ஒண்ணு உங்களுக்குத்தான். ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்க, வார்டுல ஒரே ஒரு ஆளு தவிர எல்லாரும் உங்களுக்குப் போட்டிருக்காங்க."

"யாரு அந்த ஒரு ஆளு?"

"நான்தான்" என்றாள் அவர் மனைவி குஞ்சரம், உள்ளேயிருந்து. "மில்லு போதாதுன்னு பஞ்சாயத்தும் சேர்ந்தா, என்கூட உக்காந்து சாப்பிட உங்களுக்கு ஏது நேரம்?"

சிவக்கொழுந்துக்குக் குரல் இறங்கிவிட்டது.

செல்லக்கிளி இரண்டு தட்டு வைத்தாள். "நிதானமா சாப்பிடுங்கய்யா. கூட்டத்துக்கெல்லாம் நான் போய்க்கறேன். எங்க தெருக் குழாய்க்குக் கை தூக்க மட்டும் வந்துருங்க."