பச்சை விளக்கு எரிந்த ஏழு மாதங்கள்

இலவச மென்பொருள் வானத்திலிருந்து இறங்குகிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது கடுமையான பிழை, இனியும் பொறுப்பதற்கில்லை. அது ஏதோ ஒரு கல்லூரியில், ஏ.சி. பழுதான அறையில், யாரும் நினைவில் வைத்திராத ஒரு கணினியிலிருந்து இறங்குகிறது.

மென்பொருளை எழுதுபவர்களின் மூல நிலையத்தில் புதிய பதிப்பு வெளியானதும் அதைப் படியெடுத்து வைத்துக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பது அந்தக் கணினியின் வேலை. அதற்கு மிரர் என்று பெயர்.

பாளையங்கோட்டையில் அப்படியொரு மிரரை வைத்திருந்தவர் ஞானசிகாமணி. வயது ஐம்பத்தேழு.

எங்கிருந்து இறக்கலாம் என்று காட்டும் மிரர்களின் பட்டியலை மதுரையில் இருந்தபடி பராமரித்தவர் பவளக்கொடி. வயது முப்பத்திரண்டு. குறைவாகப் பேசுவதால் மிரர்க்காரர்கள் அவரைக் குரு என்றார்கள். பாதி கேலி, பாதி பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஞானசிகாமணி பஸ் பிடித்து மதுரைக்கு வந்தார்.

“என் மிரரைப் பட்டியலிலேருந்து எடுத்துட்டீங்க.”

“எடுத்தேன் சார்.”

“பதினோரு வருஷம்மா.”

“பன்னிரண்டு.”

“நேரக்கோப்புல இன்னைக்குத் தேதிதான் இருக்கு. பார்த்தீங்களா?”

நேரக்கோப்பு என்பது மூல நிலையம் தினமும் தேதி எழுதி வைக்கும் ஒரு வரிக் கோப்பு. மற்றவற்றோடு அதையும் மிரர் படியெடுக்கும். அதில் அன்றைய தேதி இருந்தால், பட்டியலில் அந்த மிரருக்கு எதிரே பச்சை விளக்கு எரியும்.

“பார்த்தேன். பளிச்சுன்னு இருந்தது.”

பவளக்கொடி ஒரு மடிக்கணினியை அவர் முன் நகர்த்தினார்.

“புதுப் பதிப்பை இதுல இறக்கிக் கொடுங்க சார்.”

ஞானசிகாமணியின் விரல்கள் பழக்கத்தில் ஒரு முகவரியை அடித்தன.

“இது யாரோட மிரர்?”

“சிங்கப்பூர்.”

“உங்களோடது பக்கத்துலதானே இருக்கு?”

விரல்கள் அங்கேயே நின்றன.

“டிஸ்க் நிறைஞ்சு ஏழு மாசமாச்சு. பிரின்சிபாலுக்கு மூணு தடவை எழுதிட்டேன்.”

“பெரிய கோப்பெல்லாம்?”

“இடமில்லாம நின்னுடும்.”

“நேரக்கோப்பு?”

“அது ஒத்த வரி. அதுக்கு எப்பவும் இடம் இருந்துச்சு.”

ஞானசிகாமணி மடிக்கணினியைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“நான் பொய் எழுதலையே. அதுவா வந்துச்சு.”

“வந்துச்சு. நீங்க விட்டீங்க.”

“சிவப்பு எரிஞ்சா பட்டியல்ல பேரு போயிரும். பேரு போனா அந்த ரூமை ஜெராக்ஸ் மெஷினுக்குக் கொடுத்திருவாங்க. பன்னிரண்டு வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க.”

பவளக்கொடி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“கூத்தாநல்லூர்ல ஒரு அச்சகக்காரர் எழுதியிருக்கார். பழைய பதிப்புல ஓட்டை இருக்கு, அதை அடைச்சுப் புதுசு வந்தாச்சுன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே இறக்கியிருக்கார். ‘புதியது’ங்கிற கோப்புறையிலேருந்துதான். நம்ம பக்கத்து மிரர்னு உங்களோடதைப் பார்த்து எடுத்தாராம்.”

“ஏழு மாசம் பழசு.”

“ஆமா. மறுவாரம் அந்த ஓட்டை வழியா யாரோ புகுந்து கணினி முழுக்கப் பூட்டிட்டாங்க. ஆவணி முகூர்த்தத்துப் பத்திரிகை அத்தனையும் உள்ளே.”

“என்னைத் திட்டியிருப்பார்.”

“இல்லை சார். கடைசி வரியில நன்றி சொல்லியிருக்கார். இலவசமாக் கொடுத்ததுக்கு.”

ஞானசிகாமணி தாளை வாங்கி, அந்தக் கடைசி வரியை மட்டும் படித்தார்.

“இது எப்ப வந்துச்சு?”

“நேத்து.”

“அதுக்கு முந்தி ஏழு மாசம்?”

“பச்சை விளக்கு எரிஞ்சது.”

“ஒரு தடவையாவது என்கிட்டேருந்து இறக்கிப் பார்த்தீங்களா, குருவே?”

இந்த முறை கேலி பாதியாக இல்லை.

பவளக்கொடி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டியலின் முதல் முகவரியைத் திறந்தார். இறக்கத் தொடங்கினார். பிறகு இரண்டாவது.

அந்த வெள்ளிக்கிழமை பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு மிரர்கள் இருந்தன. எல்லாம் பச்சை.

திங்கட்கிழமை பட்டியலில் மிஞ்சியவை பத்தொன்பது.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் மெஷின் வந்து இறங்கியது.

அன்று மாலை கூத்தாநல்லூர் அச்சகக்காரர் மறுபடி எழுதினார். கணினியைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தாராம். முன்பு சட்டென்று இறங்கும், இப்போது ரொம்ப நேரமாகிறது, கொஞ்சம் கவனிக்கவும் என்று கேட்டிருந்தார்.